செங்கோடனின் இடது முழங்கால்

ஒரு நடிகரின் உடைப்பெட்டிக்குள் ஒரு ராஜாங்கம் நடந்துகொண்டிருந்தது. வெளியே பார்த்தால் சாதாரணத் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘செங்கோடன்’ என்று எழுதியிருக்கும். உள்ளே ராஜா, மந்திரி, சேனாதிபதி எல்லாரும் உண்டு.

நடிகரின் பெயர் துரைமாறன். செங்கோடன் என்பது அவர் ஏற்ற வேடம். சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர், அநியாயத்தைக் கண்டால் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அடிப்பவன். அந்த வேடத்தில் மூன்று படங்கள் வந்து மூன்றும் ஓடு ஓடென்று ஓடின. இப்போது நான்காவது படத்தைச் சங்ககிரியிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் படத்தில் துரைமாறனுக்கு முப்பது வயதுகூட இல்லை. இப்போது அவருடைய பேரன் கல்லூரிக்குப் போகிறான்.

பெட்டிக்குள் ராஜா யார் என்றால் சிவப்புத் தோல் ஜாக்கெட். சங்ககிரி வெயிலில் லாரி ஓட்டுகிறவன் எதற்காகத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொள்கிறான் என்று இத்தனை வருடத்தில் ஒரு ரசிகனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தியேட்டரிலேயே அடி விழுந்திருக்கும். அன்பு என்று வந்துவிட்டால் வெயிலாவது மழையாவது.

மந்திரி, கூலிங் கிளாஸ். சேனாதிபதி, சிங்கமுகம் போட்ட பெல்ட். எந்நேரமும் கலவரத்தோடு இருக்கும் அரண்மனை ஜோசியர், விக்.

நான்கு பேருக்கும் ஆளுக்கொரு ரகசியம் இருந்தது. ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, நடுவே ஒரு துண்டு கொடுத்துத் தைத்திருந்தார்கள். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார்கள். கூலிங் கிளாஸுக்குப் பவர் வைத்திருந்தார்கள். விக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதுவே ஒரு ரகசியம்தான். வெளியே ஒருவருக்கும் இதெல்லாம் தெரியாது என்று நால்வரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு நாள் புதிதாக ஒன்று வந்து விழுந்தது. கறுப்பு ரப்பர் துணி, இரண்டு ஓரமும் மெல்லிய தகடு, ஒட்டிப் பிரிக்கிற வார்கள். உடம்பெல்லாம் மருந்துக்கடை வாசனை.

“யார் நீ?” என்றது ஜாக்கெட்.

“முழங்கால் பட்டை.”

“எந்தச் சண்டைக்காட்சிக்கு?”

“சண்டைக்கு இல்லை. இடது முழங்காலுக்கு.”

சபை சற்று ஒதுங்கி உட்கார்ந்தது. விக்குக்கு மட்டும் வியர்த்தது.

நடந்தது இதுதான். செங்கோடன் படம் என்றால் ஒரு காட்சி கட்டாயம் இருந்தாக வேண்டும். ஓடுகிற லாரியிலிருந்து செங்கோடன் குதிப்பான். குதித்துவிட்டுத் திரும்பியே பார்க்காமல் நடந்து வருவான். முதல் படத்தில் மூட்டை அடுக்கின் உச்சியிலிருந்து குதித்தார் துரைமாறன். இரண்டாவதில் கேபின் கூரையிலிருந்து. மூன்றாவதில் கதவைத் திறந்துகொண்டு. நான்காவதற்கு டைரக்டர் எழுதியிருந்தது, ஏறி இறங்கும் படியிலிருந்து. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்று ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குதிரை மட்டத்திலிருந்து ஒத்திகை பார்த்த அன்றே முழங்கால் மடங்கிவிட்டது. எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிப் பட்டை கட்டாமல் குதித்தால் ஒழுங்காக நடப்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“பேசாம டூப் போட்டுக்கலாம் சார்,” என்றார் டைரக்டர்.

“என் ரசிகன் என்னைப் பாக்க வர்றான்யா. இன்னொருத்தன் முதுகப் பாக்க இல்ல,” என்றார் துரைமாறன்.

டூப் வேண்டாம் என்றால் பட்டை வேண்டும். அதனால்தான் அது பெட்டிக்குள் வந்தது.

ஜாக்கெட் அன்றே உத்தரவு போட்டது. “இங்கே பார், மருந்துக்கடை. உனக்கு இந்தச் சபையில் இடம் கிடையாது. பேன்ட்டுக்கு உள்ளே ஒடுங்கிக் கிட. உன் ஓரம் ஒரு நூல் வெளியே தெரிந்தாலும் அன்றோடு செங்கோடன் கதை முடிந்தது.”

“உள்ளேயே இருக்கிறேன்,” என்றது பட்டை. “எனக்கு முகம் காட்ட ஆசை இல்லை. அந்த முழங்காலைப் பிடித்துக்கொள்ள இடம் கிடைத்தால் போதும்.”

அதற்கு அகம்பாவம் இல்லை. இருந்தாலும் விதி வேறு மாதிரி வேலை செய்தது. செங்கோடனின் பேன்ட் இறுக்கமான பேன்ட். பட்டையை உள்ளே வைத்துக் காலை மடக்கிய முதல் தடவையே தொடைத் தையல் டர்ரென்று கிழிந்தது. உடை பார்த்துக்கொள்ளும் கஜேந்திரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மேலயே கட்டுங்க,” என்றார் டைரக்டர். “அப்புறமா கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்.”

அப்படித்தான் பட்டை வெளியே வந்தது. அன்று ஒரு சண்டைக்காட்சி எடுத்தார்கள். துரைமாறன் வெகு நாளைக்குப் பிறகு வலியில்லாமல் காலை ஊன்றித் திரும்பினார். பட்டைக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, சாலையோரக் கூட்டத்திலிருந்து எவனோ ஒருவன் செல்போனில் படம் எடுத்துவிட்டான். மதியத்துக்குள் அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது.

சாப்பாட்டு வேளையில் கஜேந்திரனின் செல்போன் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தது. வம்பு பேசுவதில் அதற்கு நிகர் அதுதான்.

“என்ன சொல்கிறார்கள் ஜனங்கள்?” என்று கேட்டது ஜாக்கெட். கேள்வியில் அக்கறை இல்லாதது போல் ஒரு பாவனை.

“வாசிக்கட்டுமா? முதலில் உங்களைப் பற்றித்தான். ‘தலைவர் ஜாக்கெட்ல சைடுல துண்டு வச்சுத் தச்சிருக்காங்க, கவனிச்சீங்களா? நான் டெய்லர், எனக்குத் தெரியும்.’ அதற்குக் கீழே ஒருவர், ‘தெரிஞ்சா என்ன இப்ப? சிங்கம் கொஞ்சம் சாப்பிட்டிருக்கு.’”

ஜாக்கெட்டின் காலர் துவண்டது.

“எனக்கு?” என்றது கூலிங் கிளாஸ்.

“‘பவர் கிளாஸ்டா மாப்ள. ஓரத்துல தடிமனா தெரியுது பாரு.’ ‘நல்லதுதான். வில்லன் எங்க நிக்கிறான்னு தலைவருக்குத் தெளிவாத் தெரியணும்ல.’”

பெல்ட்டின் புது ஓட்டையையும் ஒருவர் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். விக் எதுவும் கேட்கவில்லை. செல்போன் தானாகவே வாசித்தது. “‘விக்ல இந்தத் தடவ ரெண்டு முடி நரைக்க விட்டிருக்காங்க. அப்படியே எங்க ஊர் தாசில்தார் மாதிரி கம்பீரமா இருக்காரு.’”

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சாப்பிட உட்கார்ந்தவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“பட்டையைப் பற்றி?” என்று பெல்ட் மெல்லக் கேட்டது.

“அங்கேதான் சண்டையே. ஒருவர் துப்பாக்கி உறை என்கிறார். ஒருவர் கத்தி செருகுவது என்கிறார். லாரியில் வயர்லெஸ் வைத்திருக்கிறார், அதன் பேட்டரி என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.” செல்போன் சற்று நிறுத்தியது. “எதிர் நடிகரின் ரசிகர் மன்றத்துக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். படத்தில் தலைவர் கையில் ஒரு ஊன்றுகோல் வரைந்து, ‘செங்கோடன் ஐந்தாம் பாகம்: முதியோர் இல்லம்’ என்று போட்டிருக்கிறார்கள்.”

கெட்டதுக்குக் கால் அதிகம். அத்தனை அன்பான பேச்சும் துரைமாறனிடம் போய்ச் சேரவில்லை. ஊன்றுகோல் படம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அவர் அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, வாரைப் பிரித்து, பட்டையைக் கழற்றினார்.

“கஜா, இத உள்ள போடு. இனிமே வேண்டாம்.”

“டாக்டர் கழட்டவே கூடாதுன்னாருங்க சார்.”

“அவரா நடிக்கிறாரு? போடுய்யா.”

பட்டை பெட்டியின் அடியில் போய் விழுந்தது. அதற்குத் தன் மானம் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த முழங்காலை நினைத்துத்தான் பயந்தது. அது எப்படி நடுங்கும் என்று பட்டைக்கு மட்டும்தான் தெரியும். கேமராவுக்கு முன்னால் நடுங்காது. முடிந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, யாரும் பார்க்காதபோது, தனியாக நடுங்கும்.

“பீடை விட்டது,” என்றது ஜாக்கெட்.

ஆனால் மறுநாளே பெட்டிக்குள் இன்னொரு சிவப்பு ஜாக்கெட் வந்து சேர்ந்தது. புத்தம் புதியது, ஒட்டுத் துண்டு இல்லாதது, இடுப்பு சிறுத்தது. டூப்புக்கு என்று தைத்தது. பட்டை இல்லாமல் துரைமாறனால் படியிலிருந்துகூடக் குதிக்க முடியாது என்று தெரிந்துபோனதால், வாழ்நாளில் முதல்முறையாக அவர் டூப்புக்குத் தலையாட்டியிருந்தார்.

“நாளைக்குக் குதிக்கப்போவது நான்தான், பெரியவரே,” என்றது புது ஜாக்கெட். “நீங்கள் நிழலில் உட்காரலாம்.”

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்துக்கடையைத் துரத்தியதாக நினைத்திருந்தது. தன் சிம்மாசனத்தையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. பட்டையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ராஜாவாக இருந்து பழகிவிட்டதால் அந்த வார்த்தை வெளியே வரவில்லை.

மறுநாள் துரைமாறனின் பிறந்தநாள். வருடா வருடம் அன்று, அவர் எந்த ஊர்ப் படப்பிடிப்பில் இருந்தாலும், திண்டுக்கல் ரசிகர் மன்றத்துக்காரர்கள் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். சும்மா வரமாட்டார்கள். தலைவர் எந்த வேடத்தில் இருக்கிறாரோ அதே வேடத்தில் வருவார்கள். அவர் போலீஸாக நடித்த வருடம் எழுபது போலீஸ்காரர்களைக் கண்டு ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.

“அவங்க வர்றதுக்குள்ள டூப் ஷாட்ட முடிச்சிடணும்,” என்று டைரக்டர் காலையிலேயே அவசரப்படுத்தினார். துரைமாறன் முழு வேடத்தில் குடையடியில் உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட், கூலிங் கிளாஸ், பெல்ட், விக் எல்லாம் அவர் மேல் இருந்தன. முழங்கால் வெறுமையாக இருந்தது. கஜேந்திரன் மட்டும் மனசு கேளாமல் பட்டையைத் தன் தோள்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். டூப் லாரியில் ஏறிப் படியில் நின்றான். டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார்.

சங்ககிரி ரோட்டின் திருப்பத்தில் விசில் சத்தம் கேட்டது.

மன்றத்துக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அன்பு இருக்கிற இடத்தில் நேரம் காலம் பார்க்கிற வழக்கம் ஏது. இரண்டு வேன், நிறைய மோட்டார் சைக்கிள், எல்லார் உடம்பிலும் ரெக்சினில் தைத்த சிவப்பு ஜாக்கெட், எல்லார் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. எல்லார் இடது முழங்காலிலும் கறுப்பாக ஒன்று.

சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டியிருந்தான் ஒருவன். குடைத்துணியை மடித்துச் சுற்றியிருந்தான் ஒருவன். பள்ளிக்கூடப் பையின் வாரைக் கட்டியிருந்தான் இன்னொருவன். ஒரு கெட்டிக்காரன் அதில் பாக்கெட் வைத்துத் தைத்து, சீப்பும் செருகியிருந்தான்.

துரைமாறனின் முகம் கறுத்துவிட்டது. எதிர் மன்றத்துக்காரர்கள் போதாதென்று சொந்த மன்றத்துக்காரர்களும் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தார்.

“என்னய்யா இது, கிண்டலா?”

“கிண்டலா? தலைவரே, திண்டுக்கல் முழுக்கக் கறுப்பு ரெக்சின் தீந்துபோச்சு,” என்றான் முன்னால் நின்ற ஒருவன். “வத்தலக்குண்டுலயும் கேட்டுப் பாத்தாச்சு. அதான் ஆளாளுக்குக் கெடச்சதக் கட்டிக்கிட்டு வந்துட்டோம்.”

“இது என்னன்னு நெனச்சுக் கட்டுனீங்க?”

“புது ஆயுதம்ல? கத்தி வைக்கிற உறைதான?” என்றான் அவன். பக்கத்திலிருந்தவன் துப்பாக்கி என்றான். அங்கேயே அவர்களுக்குள் தகராறு தொடங்கிவிட்டது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மன்றத் தலைவர் இன்னாசி வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் படத்தின் முதல் காட்சிக்குச் சட்டை கிழிய டிக்கெட் வாங்கியவர். அவருக்கும் சிவப்பு ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி. அவர் முழங்காலில் இருந்தது மட்டும் டியூபும் இல்லை, துணியும் இல்லை. ஓரத்தில் தகடு வைத்த, வார் வைத்த, அசல் மருந்துக்கடைப் பட்டை. பழசாகி நிறம் வெளுத்திருந்தது.

துரைமாறன் அதைப் பார்த்தார். இன்னாசி கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு என்னன்னு தெரியும் தலைவரே. பயலுககிட்ட நான் சொல்லல.”

“உனக்கும் போச்சா இன்னாசி?”

“பஸ்ஸுல நின்னு நின்னே தேஞ்சுபோச்சுங்க. மூணு வருசமா வேட்டிக்குள்ள ஒளிச்சுக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். மன்றத்துப் பயலுக பாத்தா, பெருசுக்கு வயசாச்சு, வேற ஆளப் போடுங்கடான்னுருவானுகளோன்னு பயம்.” இன்னாசி சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “உங்க போட்டோவப் பாத்த அன்னைக்கு, பேன்ட்டப் போட்டு அதுக்கு மேல கட்டிக்கிட்டு வெளிய வந்தேன். கடைவீதியில நிக்க வச்சு, எங்கண்ணே வாங்குனீங்கன்னு கேக்குறானுக தலைவரே.”

கூலிங் கிளாஸ் மட்டும் உள்பக்கம் நனைவதை உணர்ந்தது. மந்திரியாக இருந்தும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

“கஜா. அந்தப் பட்டைய எங்க வச்ச?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் கஜேந்திரன் தோள்பையிலிருந்து எடுத்து நீட்டினார். துரைமாறன் நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு நடுவே, பேன்ட்டுக்கு மேலே அதைச் சுற்றினார். இன்னாசிக்குப் பொறுக்கவில்லை.

“இப்படிக் கட்டுனா வழுக்கிக்கிட்டு எறங்கிரும். விடுங்க, நான் கட்டுறேன்.”

“உன்னால கீழ உக்கார முடியுமாய்யா?”

“உக்காந்துருவேன். எந்திரிக்கத்தான் கை குடுக்கணும்.”

இன்னாசி தரையில் உட்கார்ந்து வாரைக் குறுக்கே இழுத்துக் கட்டினார். அப்போது இரண்டு முழங்கால்களும் ஒட்டிக்கொண்டு இருந்தன. இரண்டு பட்டைகளும் அன்றுதான் முதல்முறை பார்த்துக்கொண்டன.

“உன் ஆளுக்கு ரொம்ப வலிக்குமா?” என்று கேட்டது துரைமாறனின் பட்டை.

“படி ஏறினால் வலிக்கும். ரேஷன் கடையில் நின்றால் வலிக்கும். கோயிலில் முழந்தாளிட்டால் உயிர் போகும்,” என்றது இன்னாசியின் பட்டை. “உன் ஆள் திரையில் வந்ததும் இவர் எழுந்து விசில் அடிப்பார், அப்போது மட்டும் எனக்கு வேலையே இருக்காது.”

துரைமாறன் கை கொடுத்து இன்னாசியை எழுப்பினார். பிறகு டூப்பை இறங்கச் சொன்னார். டூப் மகிழ்ச்சியாக இறங்கி, டீ குடிக்கப் போனான். புது ஜாக்கெட்டும் வேறு வழியில்லாமல் அவனோடு போனது.

டைரக்டர் ஓடி வந்தார். “சார், பட்டை குளோசப்ல நல்லாத் தெரியும். அப்புறமா அழிச்சிடவா?”

“அழிச்சா இவன் திரும்ப வேட்டிக்குள்ள கட்டுவான்யா. இருக்கட்டும்.”

அவர் லாரியில் ஏறினார். இரண்டு படிதான். ஏறுவதற்கே கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. கூட்டம் அதற்கும் விசில் அடித்தது. லாரி நகர்ந்தது. வேகம் பிடித்தது. ஜாக்கெட்டுக்குள் அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டது ஜாக்கெட்டுக்கு மட்டும் கேட்டது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத ராஜா, தன் மடிப்புகளையெல்லாம் சுருக்கிக்கொண்டு கீழே பார்த்தது.

“தம்பி,” என்றது. “அவரை விட்டுவிடாதே.”

“நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே,” என்றது பட்டை.

துரைமாறன் குதித்தார். மண்ணில் கால் பட்ட நொடியில் முழங்கால் உள்ளே ஒரு முறை மடங்கப் பார்த்தது. தகடு வளைந்தது, வார் இழுபட்டது. பட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. முழங்கால் நிமிர்ந்தது. செங்கோடன் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான். இன்னாசி வாயில் இரண்டு விரலை வைத்து, சங்ககிரி மலைக்கே கேட்கும்படி ஒரு விசில் அடித்தார்.

நடையில் ஒரு சின்னச் சாய்வு இருந்தது. என்ன செய்தும் அதை மறைக்க முடியவில்லை. கேமரா அதையும் பிடித்துக்கொண்டது.

படம் வெளிவந்த மறுநாள், திண்டுக்கல் கடைவீதியில், ஒரு வலியும் இல்லாத வாலிபப் பிள்ளைகள் எல்லாரும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடந்துகொண்டிருந்தார்கள்.